மாசும் மருந்தும்

பிறந்து இரண்டு மூன்று வாரங்கள் கழிந்த சிசுவின் கன்னத்திலோ இமையிலோ குன்றிமணியளவில் ஒரு செம்புள்ளி தோன்றி, நாளுக்கு நாள் தடித்துச் சிவந்து பூரிக்கத் தொடங்குமாயின், அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இன்றும் பல வீடுகளில் முதலில் எழும் கேள்வி, “கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தியாடி?” என்பதுதான். கேட்பவள் பெரும்பாலும் மாமியார். தலைகுனிந்து நிற்பவள், பிரசவத் தையல்கூட ஆறாத தாய். கிரகணம் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது பூர்வ ஜன்ம வினை.

வினைக்கொள்கையை நான் மறுப்பவனல்லன். ஆயினும், தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதலாக இருக்கும்வரையில்தான் அது தத்துவம். பிறர் குழந்தையின் முகத்தைப் பார்த்து அதன் தாயின் வினைக்கணக்கை நாம் வாசிக்கப் புகுந்தால் அது வெறும் வம்பு. நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர். சரக சம்ஹிதையின் விமானஸ்தானத்தில், ஆயுள் முன்னரே நியமிக்கப்பட்டதா என்று சீடர் அக்னிவேசர் கேட்க, குரு ஆத்ரேயர், தைவம் என்னும் விதி, புருஷகாரம் என்னும் மனித முயற்சி ஆகிய இரண்டின் சேர்க்கையால் அமைவதே ஆயுள் என்றும், பலம் குன்றிய தைவத்தைப் பலமிக்க முயற்சி வெல்லும் என்றும், எல்லாம் முன்பே முடிவானதாயின் ஔஷதத்துக்கே பிரயோஜனமில்லை என்றும் விடையிறுக்கிறார். மருத்துவ நூலொன்று விதியை ஒப்புக்கொண்டே தன் தொழிலுக்கு நியாயம் கண்ட இடம் அது.

முதலில் சொன்ன செம்புள்ளி தடித்து உருவாகும் செங்கட்டி, ரத்தக் குழாய்களின் உட்சுவர் அணுக்கள் அளவுமீறிப் பெருகுவதால் உண்டாவது. நூறு குழந்தைகளில் நாலைந்துக்கு வரும். பெண் குழந்தைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்தவற்றுக்கும் அதிகம். சில மாதங்கள் விரைந்து வளர்ந்து, பின்னர் பல ஆண்டுகளில் தானே சுருங்குவது அதன் இயல்பாதலால், பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சையே வேண்டாம். ஆனால் இமையில் வளர்ந்து பார்வையை மறைப்பதும், மூச்சுக்குழலை நெருக்குவதும், உதட்டில் புண்ணாகி வெடிப்பதும் காத்திருக்கமாட்டா. (பிறவியிலேயே தட்டையாகப் படர்ந்து வாழ்நாள் முழுதும் நிற்கும் செந்நிறத் தேமல் வேறு, இனிச் சொல்லப்போகும் மருந்து அதற்குப் பயன்படாது.)

மருந்து வந்த கதை விசித்திரமானது. ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி இருதய நோய்க்கென 1960-களில் ஆக்கித் தந்த புரோப்ரனலால், அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைக்க ஒரு காரணமாயிற்று. செங்கட்டியை அவர் நினைத்தும் பார்த்திரார். பிரான்சின் போர்தோ நகரில், மூக்கில் கட்டியோடிருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுக்க, இருதயத் தசை தடித்துவிட்டது. இருதயத்தைக் காக்க இம்மருந்தைத் தொடங்கிய மறுநாளே, கட்டியின் கடுஞ்சிவப்பு மங்கி, கை வைத்தால் அது மெத்தென்றிருந்தது. கிறிஸ்தீன் லெயோத்தே-லாப்ரேஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 2008-இல் இதை உலகுக்கு அறிவித்தனர். இதைத் தைவம் என்பதா, புருஷகாரம் என்பதா? தற்செயலைத் தந்தது தைவமாகவே இருக்கட்டும். இருதயத்துக்குக் கொடுத்த மருந்தின் விளைவை மூக்கில் கண்டுகொண்ட கண் மனிதக் கண். அதோடும் நில்லாமல், 460 குழந்தைகளை வைத்துச் சோதித்து, 2015-இல் முடிவை வெளியிட்டனர்: உரிய அளவில் ஆறு மாதம் மருந்துண்டவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்குக் கட்டி முற்றிலுமோ ஏறக்குறைய முற்றிலுமோ மறைந்தது, மருந்தில்லாத திரவம் பெற்றவர்களில் அது நூற்றுக்கு நான்கே.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே திருமுல்லைவாயிலில் எழுந்தருளியிருக்கும் மாசிலாமணியீசுவரரின் திருமேனியிலும் ஒரு வடு உண்டு. முல்லைக்கொடியில் யானையின் கால் சிக்க, தொண்டைமான் மன்னன் வாளால் அக்கொடியை வெட்டியபோது பட்ட காயம் என்பது தலபுராணம். எந்த வினையால் ஈசனுக்கு இந்த வெட்டு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆண்டு முழுதும் சந்தனம் சாத்துகிறார்கள், சித்திரைச் சதயத்தில் மட்டும் அதைக் களைகிறார்கள். சுவாமிக்குச் செய்யும் இந்த நாகரிகத்தை மருமகளுக்கும் செய்யலாகாதா?

ஒன்று சொல்லவேண்டும். எளிய மருந்தென்று இதைக் கடையில் வாங்கிப் புகட்டிவிடக் கூடாது. நாடித்துடிப்பு குறையலாம், மூச்சு இழுக்கலாம், ரத்தத்தில் சர்க்கரை இறங்கலாம்; ஆகவே மருத்துவர் எடைபார்த்துக் குறித்த அளவை, ஊசியில்லாச் சிரிஞ்சில் உறிஞ்சி, பால் குடிக்கும் வேளையிலேயே புகட்ட வேண்டும்; குழந்தை பால் குடிக்காத வேளையில் அந்த ஒருவேளை மருந்தைத் தவிர்த்துவிட வேண்டும். கட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களுக்குள் முடிந்துவிடுவதால், தாமதத்துக்கு விலை உண்டு. எனவே, செம்புள்ளி கண்ட வீட்டார் பஞ்சாங்கத்தைப் புரட்டாமல், முதல் மாதத்திலேயே குழந்தை மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ காட்டுங்கள். அந்தத் தாயிடம் கிரகணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேளாதீர்கள்.