பிறர் நோன்பை விலைக்கு வாங்கலாமோ?

யாம் ஆசிரியப் பணி புரிந்த பள்ளியொன்றில், காலந்தாழ்த்தி வரும் மாணவர்க்குச் சிறு தொகை தண்டம் விதிக்கும் வழக்கம் இருந்தது. ஒருநாள் தந்தை ஒருவர் வந்து, ஒரு மாதத்துத் தண்டத்தை முன்பணமாகவே கட்டிவிட்டுச் சென்றார். அன்று முதல் அச்சிறுவன் தலைநிமிர்ந்தே தாமதமாக வந்தான். தண்டம் எப்போது விலையாக மாறிற்று என்பது எமக்கும் விளங்கவில்லை, தலைமையாசிரியர்க்கும் விளங்கவில்லை. காடுகளின் கரிமக் கணக்கைப் பற்றி அண்மையில் படித்தபோது அச்சிறுவனே நினைவில் வந்து நின்றான்.

கென்ய நாட்டின் தென்கடற்கரையில், மொம்பாசா நகருக்குத் தெற்கே காஸி விரிகுடா என்றோர் இடமுண்டு. பெயரொலி கண்டு நம் காசியை நினைக்க வேண்டா. அங்கே அலையாத்திக் காடுகள் உள்ளன. பிச்சாவரத்தைக் கண்டவர்க்கு அவற்றை விளக்க வேண்டுவதில்லை. வீடு கட்டும் கழிக்கும் அடுப்பு விறகுக்கும் அம்மரங்கள் நெடுங்காலம் வெட்டுண்டன. காஸி, மாகொங்கேனி என்னும் ஊர்களின் மக்கள் 117 ஹெக்டேர் காட்டைக் காக்க உடன்பட்டனர். 2013-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அத்திட்டத்துக்கு 'மிகோகோ பமோஜா' என்று பெயர். 'அலையாத்திகள் ஒன்றாக' என்பது சுவாஹிலி மொழியில் அதன் பொருள்.

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, கரிமத்தைத் தன் உடலிலும் வேரடி மண்ணிலும் சேர்க்கிறது. அலையாத்திக்குச் சேற்றிலேயே சேமிப்பு மிகுதி. காற்றுப் புகாத சேற்றில் மட்குதல் மிக மெதுவாகவே நடக்கும். மரத்தை அழித்தால் அச்சேமிப்பு மீண்டும் வானேறும். வெட்டாமல் காத்தும் புதிதாக நட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 டன் வாயு தவிர்க்கப்படுவதாகக் கணக்கிட்டு, டன் ஒன்றுக்குச் சான்று ஒன்றாக, ஸ்காட்லாந்திலுள்ள அறநிறுவனம் ஒன்றின் வழியே விற்கின்றனர். வரும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை ஊரார் கலந்து முடிவு செய்கின்றனர். குடிநீரும் பள்ளிப் புத்தகங்களும் அவ்வாறு வந்தவை. விறகுக்கு மாற்றாகச் சவுக்கும் நட்டனர். இச்செய்தியே எமக்கு மிகவும் பிடித்தது. 'வெட்டாதே' என்று சொல்வது எளிது. அடுப்பெரிய வழி காட்டியபின் சொல்வதன்றோ முறை!

எல்லா இடத்தும் இவ்வாறில்லை. காவாதிருந்தால் காடு எவ்வளவு அழிந்திருக்கும் என்னும் ஊகத்தின்மேலேதான் இச்சான்றுகள் நிற்கின்றன. நடவாத ஒன்றை அளப்பது எங்ஙனம்? ஊகம் உயர்ந்தால் விற்கும் சான்றும் உயரும். 2023-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வொன்று, 6 நாடுகளில் 26 திட்டங்களை ஆராய்ந்து, பெரும்பாலானவை காடழிவைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்றும், குறைத்தவையும் தாம் சொன்ன அளவை எட்டவில்லை என்றும் கூறிற்று.

கணக்கு முற்றும் சரியாயிருப்பினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நம் ஆன்றோர் வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவகையாகப் பகுத்தனர். பிறர் செய்யாமையை விலைக்குப் பெற்றுத் தம் செய்கையினின்று கழித்துக்கொள்ளும் நான்காம் வகையை அவர்கள் சொல்லவில்லை. அண்டை வீட்டு அம்மையார் உண்ணாநோன்பிருக்க, அவர்க்குப் பணம் தந்துவிட்டு நாம் இருவேளையும் உண்டால், நோன்பு யாருடையது? வானுக்கு ஆள் வேறுபாடில்லை, ஒரு டன் எங்குக் குறைந்தாலும் ஒன்றே என்பர் சிலர். அளவில் அது மெய்யே. ஆயினும் புகைபோக்கி விட்ட வாயுவில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டு கழிந்தும் வானில் தங்கும்; மரமோ ஒரு தலைமுறையின் மனமாற்றத்தில் சாயும்.

ஆதலின் காஸி மக்கள் பணம் பெறலாகாது என்போமா? அவ்வாறு சொல்ல எமக்கு வாய் வரவில்லை. உலகின் புகையில் பெரும்பங்கு விட்டவர் அவர் அல்லர். கழி வெட்டிப் பிழைத்தவன் கோடரியைக் கீழே வைத்தால் அதற்கு ஈடு வேண்டும். அது காவற்கூலி, கூலி பெறுவது இழிவன்று. கொடுப்பவர் தம் புகையையும் குறைத்துக்கொண்டு கொடுத்தாரா என்பதே எம் ஐயம்.

மறுமாதம் அத்தந்தை நீட்டிய பணத்தை யாம் வாங்கவில்லை. சிறுவன் இரண்டு நாள் முகம் வாடினான். மூன்றாம் நாள் மணியடிக்குமுன் வந்துவிட்டான். காஸியில் அவ்வாறு பணத்தைத் திருப்பினால், புத்தகமின்றி அமர்வது அவ்வூர்ப் பிள்ளைகள்.