காணாத ஊருக்குத் திரும்புதல்

லவால் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் கிடக்கும் தீவு. அதன் கரையோரங்களிலும் வெறுங்காணிகளிலும் கோடையில் ஒரு செடி வளரும். இலையைக் கிள்ளினால் பால் வடியும். எங்களூர் எருக்கலைக்கு உறவு. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு இந்தச் செடியினத்தை மட்டுமே தின்று வளரும். கோடை முடிகையில் செம்மஞ்சள் செட்டையோடு வெளிவருபவை தெற்கே புறப்படுகின்றன. பகலில் தனித்தனியே பறப்பவை, மாலையானதும் கரையோர மரங்களில் ஒன்றுகூடும். செட்டையை மடித்துத் தொங்கும்போது காய்ந்த இலைக்கொத்தென்றே தோன்றும். ஒன்ராறியோவின் பொயின்ற் பீலி முனையில் செப்டெம்பரில் இதைப் பார்க்கவென்றே சனம் போகிறது. மறுநாள் வெயில் ஏறி, காற்றும் வாய்த்தால், அவை ஈரி ஏரியைக் கடந்துவிடும்.

இந்தக் காட்சியைக் கண்ட எம்மவர் சொல்வது, "எங்களைப் போல." இந்த ஒப்புமையைக் கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும்.

இவை போய்ச் சேருவது ஏறத்தாழ 4000 கிலோமீற்றருக்கு அப்பால், மெக்சிக்கோவின் மலைக்காட்டுக்கு. குளிர்காலத்தை அங்கே கழித்த பூச்சி வசந்தத்தில் வடக்கே கிளம்பி, வழியில் முட்டையிட்டுச் செத்துப்போகிறது. கோடைத் தலைமுறைகளுக்கு ஆயுள் சில கிழமைகளே. ஆக, அந்தக் காட்டுக்குத் திரும்புவது அதன் பேரப்பிள்ளை அல்லது பூட்டப்பிள்ளை. போகுமிடத்தை அது கண்டதில்லை, சொல்லிக்கொடுக்கத் தாயுமில்லை. சூரியனும் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமும் திசை காட்டுகின்றன. ரொறன்ரோவில் பிரெட் ஏர்க்கார்ட்டும் மனைவி நோராவும் பூச்சிகளின் செட்டையில் சிட்டை ஒட்டிப் பல பத்தாண்டுகள் தேடினார்கள். அவர்களுக்காகத் தேடிப்போன கென் புறுக்கரும் கத்தலினா அகுவாடோவும் 1975 ஜனவரியில்தான் அந்த மரங்களைக் கண்டார்கள்.

பூச்சிக்குத் தெரிவு இல்லை. போனால் அது விசுவாசமுமல்ல, போகாவிட்டால் துரோகமுமல்ல. எங்கள் பிள்ளைகளின் நிலை வேறு. லவாலில் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, உம்மடை ஊர் எது?" பத்து வயதுப் பிள்ளை, "லவால்" என்றான். "அது உம்மடை ஊர் இல்லை" என்றார் அவர். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தான். தாய் ஒன்றும் பேசவில்லை.

பெரியவரின் வலி பொய்யல்ல. குளிருக்குப் பயந்து கிளம்பியவரல்லர் அவர், துரத்தப்பட்டவர். ஆனால் திரும்புதல் என்ற சொல் புறப்பட்டுப் போனவருக்கே பொருந்தும். இங்கு பிறந்தவனிடம் அதைக் கடனாகக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. அதற்காக வாய்மூடி இருப்பதும் நியாயமல்ல. இழந்ததைச் சொல்வது எங்கள் கடமை. அதைக் கேட்டபின் என்ன செய்வதென்பது அவனுடைய சுதந்திரம்.

2023இல் கனடா மொனார்க்கை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. தெற்கே காடு வெட்டப்பட்டாலும், வடக்கே செடி அழிக்கப்பட்டாலும் அந்தப் பயணம் நின்றுபோகும். இரண்டு முனையும் இருந்தால்தான் நடுவில் வழி இருக்கும். பிள்ளைகளுக்கு நாங்கள் விட்டுச்செல்லக்கூடியதும் அவ்வளவே: அங்கே போனால் பேச ஒரு மொழி, இங்கே நின்றால் "என்ரை ஊர்" என்று கூசாமல் சொல்ல ஓர் இடம்.