கைதட்டல்

'நாம் ஜெயித்துவிட்டோம்' என்கிறான் பார்வையாளன். அந்த 'நாம்' எங்கிருந்து வருகிறது? ஆடியவர்கள் பதினொரு பேர். இவன் பஸ் ஏறிப் போய், டிக்கெட் வாங்கி, உட்கார்ந்து கத்தி, தொண்டை கட்டித் திரும்பியவன். எதையும் செய்யவில்லை. எதையும் பணயம் வைத்ததாகவும் தெரியவில்லை. ஆனாலும் வெற்றியில் பங்கு கேட்கிறான்.

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது நத்தத்தில். 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் சில, அங்கே என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்திருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகரிலிருந்து மதுரை போய், பஸ் மாறி, நத்தத்தில் இறங்கினேன். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் ஆட்டம். இரண்டும் என் ஊரல்ல. மதுரை கிட்டத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் மதுரைக்காரனாகிவிட்டேன். ஆட்டக்காரர்கள் தேர்விலும் ஏலத்திலும் வந்து சேருகிறவர்கள். ஊர்ப்பெயர் மேலே ஒட்டிய லேபிள். லேபிளைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டிமேல் இருக்கும் படத்துக்கும் உள்ளே இருக்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை என்பது சிவகாசிக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் நான் லேபிளுக்குத்தான் கத்தினேன்.

மதுரையின் கடைசி நம்பிக்கையாக நின்றவர் தூக்கி அடித்தார். எல்லைக்கோட்டருகே திண்டுக்கல்காரர் ஒருவர் பின்னோக்கியே ஓடி, விழுந்துகொண்டே பிடித்தார். அபாரமான பிடி. என் கைகள் மடியில் கிடந்தன. என்னோடு வந்திருந்த திருத்தங்கல் அண்ணாச்சி எழுந்து நின்று கைதட்டினார். பட்டாசுத் தொழிலில் பல வருஷம். வலது கையில் இரண்டு விரல்கள் வெந்து ஆறிப் பளபளப்பவை. மதுரைப் பித்து என்னைவிட அவருக்கு அதிகம்.

"அவுட்டானது நம்ம ஆளு, அண்ணாச்சி" என்றேன்.

"தெரியும் தம்பி. நாங்க பின்னுற சரம் எவன் வாசல்ல வெடிக்குதுன்னா பாக்கோம்? சத்தம் சுத்தமா இருக்கான்னுதான் பாப்போம்."

எனக்கு 1999 ஜனவரி 31 நினைவுக்கு வந்தது. சேப்பாக்கம் டெஸ்ட். இந்தியாவுக்கு இலக்கு 271. முதுகுவலியோடு ஆடிய டெண்டுல்கர் 136இல் வெளியேறியபோது வேண்டியது 17 ரன், கையில் 3 விக்கெட். அந்த மூன்றும் நாலே ரன்னில் போயின. பாகிஸ்தானுக்கு 12 ரன்னில் வெற்றி. எனக்கு ஒன்பது வயது. எங்கள் தெருவில் வெற்றிக்கென்று எடுத்துவைத்திருந்த சரவெடி பரண்மேல் போயிற்று. சேப்பாக்கத்திலோ அரங்கம் எழுந்து நின்றது. வாசிம் அக்ரமின் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி வர, கைதட்டல் ஓயவில்லை. அணுகுண்டுச் சோதனைகள் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அவர்கள் ஆடக் கூடாதென்று அதே மாதம் டெல்லி மைதானத்தில் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

இதை விளையாட்டு நாகரிகம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நான் ஒப்பவில்லை. நாகரிகத்துக்கு எந்தச் செலவும் இல்லை. இரண்டு பக்கமும் பற்றில்லாதவன் யாருக்கு வேண்டுமானாலும் கைதட்டலாம். அந்தத் தட்டலுக்கு மதிப்பும் இல்லை. அன்று எழுந்து நின்றவர்கள் வேறொரு முடிவை நெஞ்சு வெடிக்க வேண்டிக்கொண்டிருந்தவர்கள். பார்வையாளனிடம் பணயம் வைக்க ஒன்றுமில்லை என்று ஆரம்பத்தில் சொன்னது தப்பு. அவனிடம் அவன் பற்று இருக்கிறது. தன் பக்கம் ஜெயிக்கும்போது அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோகிறான். எதிரியின் திறமைக்கு எழுந்து நிற்கும்போதுதான் செலவழிக்கிறான். அந்த நாள் முழுவதிலும் அவன் செய்த ஒரே காரியம் அது. ஆகவே 'நாம்' பொய்யாகவே இருந்தாலும் அதைத் துறந்துவிட வேண்டியதில்லை. அது இல்லாவிட்டால் செலவழிக்கக் கையில் ஏது?

நம் சிற்றேட்டு உலகத்துக்கு வருகிறேன். நாம் எழுதும் மதிப்புரைகளில் எத்தனை, லேபிளுக்குத் தட்டிய கைகள்? வேறு முகாமின் பத்திரிகையில் ஒரு நல்ல கவிதை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? படிக்கிறோம், நல்ல கவிதை என்று உள்ளுக்குள் தெரிந்தும்விடுகிறது. கைகள் மடியில் கிடக்கின்றன. அந்த மௌனத்துக்கு விமர்சன நிதானம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். நானும் வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சியின் வார்த்தையை என் கொள்கையாக எடுத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் சத்தத்தின் சுத்தத்தைப் பற்றிப் பேச அவர் இரண்டு விரல்களைக் கொடுத்திருக்கிறார். திரும்பும் பஸ்ஸில், மதுரை தோற்றதை இரண்டு தடவை சொல்லி வருத்தப்பட்டுவிட்டுத் தூங்கிப்போனார். நான் விருதுநகர்வரை விழித்திருந்தேன்.