வைத்தியர் வாய் திறக்கலாமா?



மனநோய்க்குச் சிகிச்சை செய்பவரிடம் மருந்துச் சீட்டைவிட முக்கியமான கருவி ஒன்று உண்டு. அது அவருடைய காது. பெற்ற தாயிடமும் கட்டிய மனைவியிடமும் சொல்லக் கூசியதை நோயாளி அவரிடம் சொல்லுகிறார். இது நாலு சுவருக்குள் இருக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அவர் வாய் திறவார். வாய் திறவாத நோயாளிக்கு இந்த வைத்தியமே கிடையாது.

அப்படியிருக்க, அந்த நோயாளி ஒரு நாள், "இன்னாரைக் கொல்லப் போகிறேன்" என்று சொன்னால் வைத்தியர் என்ன செய்யக் கடவார்? இது வெறும் வாதத்திற்காகக் கேட்கும் கேள்வியல்ல. அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்லி நகரில் நடந்தது.

இந்தியாவிலிருந்து மேற்படிப்புக்காக அங்குள்ள சர்வகலாசாலைக்குச் சென்றிருந்த ஒரு மாணவர், ஒரு பெண்ணின்மேல் ஆசை வைத்தார். அவளோ அவரை ஏற்கவில்லை. மனமுடைந்தவர் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் ஒரு மனோதத்துவ நிபுணரிடம் சிகிச்சை பெறலானார். 1969-ம் ஆண்டு கோடையில், ஒரு பெண் பிரேசில் தேசத்திலிருந்து திரும்பியதும் அவளைக் கொல்லப்போவதாக அவரிடம் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அவள் யாரென்று கண்டுகொள்வது கடினமாயிருக்கவில்லை. நிபுணர் சும்மா இருந்துவிடவில்லை. சர்வகலாசாலைப் போலீசாருக்கு எழுதினார். போலீசார் பிடித்து விசாரித்து, புத்தி தெளிவாகத்தானே பேசுகிறார் என்று எண்ணி, அந்தப் பெண்ணின் பக்கம் போகமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். மனநோய்ப் பிரிவின் தலைவரும் மேற்கொண்டு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று உத்தரவிட்டார். மாணவர் அதன் பின் சிகிச்சைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அப்பெண்ணுடைய சகோதரனோடேயே, அவள் வீட்டுக்கு அருகில், ஒரே ஜாகையில் குடியேறினார்! அவளுக்கோ பெற்றோருக்கோ எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்டோபர் 27-ந் தேதி அவள் கொலையுண்டாள்.

பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். டாரசாஃப் வழக்கு என்று அது பேர் பெற்றது. நோயாளியால் பிறருக்குக் கொடிய ஆபத்து உண்டென்று அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய வைத்தியர், அந்தப் பிறரைக் காக்கத் தக்க முயற்சி செய்யக் கடமைப்பட்டவர் என்று 1976-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் எல்லோரும் ஒரு மனமாயிருக்கவில்லை. இரகசியம் காக்கப்படாது என்று தெரிந்தால் ஆபத்தான நோயாளிகள் சிகிச்சைக்கே வரமாட்டார்கள், அதனால் கொலைகள் கூடுமேயன்றிக் குறையா என்று மாறுபட்டவர்கள் வாதித்தார்கள். யார் மெய்யாகவே கொல்லுவான், யார் வாய்ச்சொல்லோடு நிற்பான் என்று எங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியாதே என்று மனநோய் வைத்தியர்களும் முறையிட்டார்கள். தள்ளிவிடத்தக்க வாதங்கள் அல்ல இவை. நம் தெருக்குழாயடியில் "உன்னை வெட்டிப் போடுவேன்" என்ற சொல் ஒரு நாளைக்கு எத்தனை முறை காதில் விழுகிறது! அத்தனைக்கும் போலீசாரைக் கூப்பிட முடியுமா?

நீங்கள் வேறொன்றும் கேட்கலாம். "பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் சொல்லமாட்டாரே, வைத்தியர் மட்டும் எப்படிச் சொல்லலாம்?" என்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல. குருவானவர் அங்கே தம்முடைய பேரால் கேட்கிறவரல்லர்; சர்வேசுரனுடைய ஸ்தானத்தில் கேட்கிறார். அந்த முத்திரையை உடைக்க எவருக்கும் அதிகாரமில்லை. கொலை எண்ணத்தை விடாதவனுக்குப் பாவமன்னிப்பை அவர் மறுக்கலாம். வெளியே சொல்ல முடியாது. வைத்தியர், வக்கீல் முதலானோரின் தொழில் இரகசியத்தையோ திருச்சபை வேறாக வைத்துப் பேசுகிறது. அதுவும் காக்கப்பட வேண்டியதே. ஆனால் மௌனத்தால் ஒருவருக்கு மிகக் கொடிய தீங்கு நேரிடும், சொன்னாலன்றி அதைத் தடுக்க வழியில்லை என்னும் அபூர்வ வேளையில் சொல்லலாம் என்று 1992-ம் ஆண்டின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறேன். நோயாளி தன் இரகசியத்தை வைத்தியரிடம் ஒப்படைப்பது குணமாவதற்காக. அவனைக் கொலைகாரனாகப் போகவிட்டுவிட்டு, "நான் வாக்குத் தவறவில்லை" என்று வைத்தியர் சொன்னால், காப்பாற்றியது எதை? பெர்க்லியில் நேர்ந்த கேடு இன்னும் விசித்திரமானது. நோயாளிக்கு நஷ்டமான இடத்தில் இரகசியம் உடைந்தது. பெண்ணுக்கு நஷ்டமான இடத்தில் அது காக்கப்பட்டது. போலீசுக்குப் போன செய்தியால் அவர் தமக்கிருந்த ஒரே பிடிப்பை விட்டு ஓடினார். போக வேண்டிய வீட்டுக்கோ செய்தி போய்ச் சேரவில்லை.

நம் தேசத்தில் 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் இரகசியத்தை அவருடைய உரிமையென்றே வைத்திருக்கிறது. பிறரைத் தீங்கிலிருந்து காக்கவும், உயிருக்கு வரும் ஆபத்தைத் தடுக்கவும் விலக்குக் கொடுக்கிறது. பிறரைக் காக்கும்போதும், அந்தத் தீங்கைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே சொல்ல வேண்டும் என்று வரம்பு கட்டுகிறது. குடிப்பழக்கமும், பழைய தவறும், வீட்டுச் சண்டையும் அந்த விலக்கில் அடங்கா. ஊரெல்லாம் தெரிந்துவிடுமே என்று அஞ்சி வைத்தியரிடம் போகாமலிருப்பவர் நம் பங்கில் எத்தனையோ பேர். அவர்கள் முதல் நாளே, "எதை நீங்கள் மறைக்கமாட்டீர்கள்?" என்று கேட்டுவிடலாம், நல்ல வைத்தியர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்.

பிற்பாடு அப்படியொரு நாள் வந்துவிட்டால், கூடுமானவரை, அவர் நோயாளியின் முதுகுக்குப் பின்னால் கடிதம் எழுதமாட்டார். முகத்துக்கு நேரே, "தம்பி, இதை நான் மூடி வைக்க முடியாது. வா, நாம் இருவருமாகவே சொல்லுவோம்" என்பார். கோபித்து எழுந்துபோகிறவர்களும் உண்டு. ஆனால் கொல்லுவேன் என்று ஒருவன் வைத்தியரிடம் வந்து சொல்லும்போது, தன்னை யாராவது தடுக்கமாட்டார்களா என்கிற ஏக்கமும் அதற்குள் இருக்கலாம் அல்லவா?