நாகாசின் மகளும் ஈசாயின் வீடும்



2 சாமுவேல் 17:25-ல் அபிகாயில் நாகாசின் குமாரத்தி. 1 நாளாகமம் 2:16-லோ அவளும் செருயாளும் தாவீதின் சகோதரிகள். இது எப்படி? தாய் முதலில் நாகாசுக்கு வாழ்க்கைப்பட்டு, பிறகு ஈசாயிடம் வந்திருப்பாள் என்று வேத பண்டிதர் சிலர் சொல்லுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோணுது. அப்போ ராஜா பிறந்த வீடும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்த வீடுதான்! அல்லேலூயா!

ஆனால் அடுத்த தலைமுறையைப் பாருங்கள். செருயாள் மகன் யோவாப், அபிகாயில் மகன் அமாசாவைச் சகோதரனென்று அழைத்து, முத்தமிட வருகிறாப்போல் தாடியைப் பிடித்து, வயிற்றிலே குத்தினான். சேனாபதி பதவி கைமாறின எரிச்சல்! வாய் ஒன்று சொன்னது, கை வேறு செய்தது.

நம்ம நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. ராப்பகலாக இறைக்காவிட்டால் தரையே பொங்கி உடையும். ஷிப்ட் பார்க்கிற சகோதரருக்குத் தெரியும்.

"இவ மொத தாரத்துப் பொண்ணு", "அவ அம்மாவோட வந்தவ" என்ற பேச்சை குவார்ட்டர்ஸ் அடுப்பங்கரைகளில் நான் கேட்கிறேன். ஒருத்திக்குப் புதுப் பாவாடை, மற்றவளுக்குப் பழசு. தாய்மாரே, பிள்ளைகள் கணக்கு வைத்திருக்கிறார்கள்! தகப்பன்மாரே, பேப்பருக்குப் பின்னால் ஒளியாதீர்கள். இன்று குடும்ப ஜெபத்தில் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்து, இருவர் தலையிலும் கைவைத்து, பேர் சொல்லி ஜெபியுங்கள். வந்த பிள்ளையின் பேரை முதலில் சொல்லுங்கள்.