தள்ளுபடி ஆனது எது?

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது குடிபாலா. தமிழும் தெலுங்கும் ஒருசேரப் புழங்கும் இப்பகுதி மக்களுக்கு ஆண்டுதோறும் இரண்டு மலிவுக் காலங்கள் வாய்க்கின்றன. சந்திரனை ஒட்டிக் கணக்கிடப்படும் தெலுங்கு ஆஷாட மாதம் பெரும்பாலும் முதலில் வருகிறது. ஆந்திரத்துக் கடைகளில் ஆஷாடத் தள்ளுபடி தொடங்குகிறது. சூரியனை ஒட்டிய தமிழ் ஆடி மாதம் ஜூலை நடுவில் பிறக்கிறது. அப்போது தமிழகத்தில் ஆடித் தள்ளுபடி.

இவ்விரு மாதங்களிலும் திருமணம் நடத்தும் வழக்கம் இல்லை. திருமணம் இல்லையெனில் புதுத்துணிக்கும் கேட்பாரில்லை. தேங்கிய சரக்கை விற்று, தீபாவளிச் சரக்குக்கு இடம் காண வணிகர்கள் கண்டுபிடித்த வழியே தள்ளுபடி. முன்பு புடவைகளே முதலிடம் பெற்றிருந்தன. இன்றோ சுடிதார், குர்த்தி என்று பெண்களுக்கான புதுமோஸ்தர் ஆடைகள் பல மாடிக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன.

இதைக் கண்டதும், 'ஆசையைக் குறையுங்கள்' என்று உபதேசம் செய்வது எளிது. ஆனால், அந்த உபதேசம் யார் மீது போய் விழுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கூலி வேலை செய்யும் தாய் ஒருத்தி, கல்லூரி செல்லும் மகளுக்கு நல்லதாக ஓர் ஆடை வாங்க ஆடி மாதம் வரை காத்திருக்கிறாள். பிற மாதங்களில் அவள் அந்தக் கடையின் படியேற முடியாது. அவளிடம் வைராக்கியம் பேசுவது தர்மமாகாது. இல்லறத்தாரிடம் நம் சாஸ்திரங்கள் துறவியின் கோவணத்தை எதிர்பார்க்கவில்லை. மகள் புத்தாடை உடுத்தி மகிழ்வதைப் பார்க்கும் தாயின் மகிழ்ச்சியில் குற்றம் ஏதும் இல்லை.

அப்படியானால், தள்ளுபடி விற்பனையில் அறம் பற்றிய கேள்வியே எழவில்லையா? எழுகிறது, ஆனால் வேறோர் இடத்தில்.

பதஞ்சலி முனிவர் யமங்கள் ஐந்தைக் கூறுகிறார்: அஹிம்சை, சத்தியம், அஸ்தேயம், பிரம்மசரியம், அபரிக்ரஹம். ஆடை வாங்குவதைப் பற்றிப் பேசும்போது நாம் ஐந்தாவதான அபரிக்ரஹத்தை, அதாவது தேவைக்கு மேல் சேர்க்காமையை மட்டுமே நினைக்கிறோம். மூன்றாவதான அஸ்தேயம், அதாவது திருடாமை, நம் நினைவுக்கே வருவதில்லை. பணம் கொடுத்துத்தானே வாங்குகிறோம், இதில் திருட்டு எங்கே வந்தது என்று கேட்கலாம்.

ஆயிரம் ரூபாய் ஆடை ஐந்நூறுக்குக் கிடைக்கிறது. மீதி ஐந்நூறை விட்டுக்கொடுத்தவர் யார்? வணிகர் தம் லாபத்தைக் குறைத்துக்கொண்டார் எனில், அது அவருடையது. கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. விலையை முதலில் ஏற்றிப் பின்பு இறக்கினார் எனில், அது சத்தியத்திற்குச் செய்த குறை. ஆனால் தைத்தவரின் கூலியிலிருந்தும், எடுத்துக் காட்டியவரின் ஓய்விலிருந்தும் அது கழிக்கப்பட்டது எனில், நாம் வீட்டுக்குக் கொண்டு வருவதில் ஒரு பகுதி பிறருடையது. விதிக்கு மாறாகப் பிறர் பொருளை ஏற்பதே ஸ்தேயம் என்கிறது யோக சூத்திரத்தின் வியாச பாஷ்யம். அதை மனத்தாலும் விரும்பாமையே அஸ்தேயம்.

இது வெறும் தர்க்கம் அன்று. வங்கதேசத்தில், டாக்காவை அடுத்த சாவர் என்ற ஊரில் ராணா பிளாசா என்ற கட்டிடம் இருந்தது. அதன் சுவர்களில் விரிசல்கள் தெரிந்ததால் அங்கிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாளும் வேலைக்கு வரவழைக்கப்பட்டனர். அன்று, 2013 ஏப்ரல் 24-ஆம் நாள், கட்டிடம் சரிந்து 1,134 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உலகின் பல நாட்டுக் கடைகளுக்கு மலிவு விலை ஆடைகளைத் தைத்துத் தந்தவர்கள் அவர்கள்.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. துணிக்கடையில் நமக்கு ஆடைகளை எடுத்துக் காட்டும் பெண்கள் நாள் முழுதும் நின்றபடியே இருப்பதைப் பார்த்திருக்கிறோம். பணியாளர்கள் அமர இருக்கை வேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழகம் 2021-இலும் சட்டம் இயற்றின. ஒரு மனிதர் உட்கார்வதற்குச் சட்டம் தேவைப்பட்டது என்றால், அதுவரை நாம் எத்தனை முறை பார்த்தும் பாராமல் திரும்பியிருக்கிறோம்!

'எந்த ஆடை எப்படி உருவானது என்று எங்களுக்கு எவ்வாறு தெரியும்? வாங்காவிட்டால் அந்தத் தொழிலாளிக்கு வேலையே போய்விடுமே' என்பது நியாயமான வாதம். பொறுப்பு என்பது அறிவையும் ஆற்றலையும் பொறுத்தது. ஒன்று வாங்கும் ஏழைத் தாயைவிட, மலிவு என்பதற்காகவே பத்து வாங்குபவரின் பொறுப்பு பெரிது. தெரியாததற்கு நாம் முழுப் பொறுப்பாளிகள் அல்லர். கண்முன் தெரிவதற்குப் பொறுப்பாளிகளே.

எனவே, கடைக்குச் செல்வோர் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம். வாங்கும் எண்ணமின்றிப் பொழுதுபோக்காக நாற்பது ஆடைகளைக் கலைத்துப் போடச் சொல்லாதிருக்கலாம். எடுத்துக் காட்டும் பெண்ணிடம் மரியாதையாகப் பேசலாம். அவளுக்கு இருக்கை உண்டா என்று நிர்வாகத்திடம் கேட்கலாம். வாங்கியதை நைந்துபோகும் வரை உடுத்தலாம். பிறர் உழைப்புக்கு அதுவும் ஒரு மரியாதை.

விலைச்சீட்டில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று அச்சிட்டிருக்கும். யாருக்குக் குறைந்தது என்பது அச்சிடப்படுவதில்லை. அதைக் கேட்டுப் பார்ப்பதே விவேகம்.