பதிவில் இல்லாத பெயர்

எப்போதோ விற்ற காரை வயதான காலத்தில் தேடிப் போகும் ஆண்களைப் பற்றி அடிக்கடி படிக்கிறேன். தன் முதல் காரான மாருதி 800 இப்போது யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள் என்று 2020இல் சச்சின் டெண்டுல்கர் கேட்டிருந்தார். கறம்பக்குடியில் என் அண்ணனும் தேடுகிறார். அப்பா வாடகைக்கு ஓட்டி, பிறகு விற்றுவிட்ட அம்பாசிடர் அது. பழைய ஆர்.சி. நகல், எஞ்சின் எண், சேஸிஸ் எண் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கின்றன. பட்டுக்கோட்டை, தஞ்சாவூர் புரோக்கர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். 2014இல் அம்பாசிடர் தயாரிப்பே நின்றுபோன பிறகு அவருக்கு ஆசை இன்னும் கூடிவிட்டது. அப்பாவை அந்த ஸ்டியரிங்கில்தான் அவர் பார்த்து வளர்ந்தார். அதில் கேலி செய்ய எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் “நம்ம கார்” என்கிறாரே, அந்த “நம்ம”வில் யார் யார் அடக்கம்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30)இன்படி, பொதுவாக யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. வண்டி பல கை மாறிப் போயிருந்தும், பெயர் மாற்றாததால், விபத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பு பதிவில் இருந்தவர் மேலேயே விழுந்தது. விபத்தில் அடிபட்டவர்களுக்கு அது நியாயம். வீட்டுக்குள் அதே விதி வேறு வேலை செய்கிறது. அந்தக் காருக்கு முன்பணம் கட்ட அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. ஆர்.சி.யில் அப்பா பெயர். அடகு ரசீதிலும் அப்பா பெயர்தான். சவாரி இல்லாத நாளில், கோயிலுக்கோ துக்கத்துக்கோ, அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து போனதுண்டு.

அவர் ஓட்டிய வண்டி வேறு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாக பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் என்ன, ஆண்கள் சைக்கிளே மேல் என்றவர்களும் உண்டாம். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! அப்படி ஒரு பழைய சைக்கிளில்தான் அறிவொளித் தொண்டரான அம்மா வகுப்பெடுக்கப் போனார். முன்கம்பியில் நான்.

அந்தச் சைக்கிளைப் பிறகு பேரீச்சம்பழத்துக்குப் போட்டார்கள். அம்மாவை யாரும் கேட்கவில்லை. அதை இன்று தேட நினைத்தாலும் எதை வைத்துத் தேடுவது? சட்டத்தில் அடித்திருந்த எண்ணை ஒருவரும் குறித்து வைக்கவில்லை. பதிவுப் புத்தகம் கிடையாது. தொலைந்தது என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒரு தாள் வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு வண்டிமேல் பற்று குறைவு என்று சொல்பவர்கள் இந்தத் தாளைப் பற்றி யோசிப்பதில்லை.

இப்போது பேச்சு பணத்தில் வந்து நிற்கிறது. கார் கிடைத்தால் வாங்கவும் சரிசெய்யவும் பணம் வேண்டும். அம்மாவின் பெயரில் தபால் நிலையத்தில் ஒரு வைப்புத்தொகை இருக்கிறது. அவர் பெயரில் இருப்பது அது ஒன்றுதான். அவர் தருவார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் ஆர்.சி. அம்மா பெயருக்கு மாறட்டும் என்றேன்.

அண்ணன் சிரித்தார். “அம்மாவுக்கு ஓட்டத் தெரியுமா?”

பிரிவு 2(30)இல் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. கார் வாங்கிவிட்டு டிரைவர் வைத்துக்கொண்ட எத்தனையோ ஆண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அண்ணன் கெட்டவர் இல்லை. அப்பாவின் பொருள் தன்னிடம் வருவது அவருக்கு இயல்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். என் வாதம் தோற்கவும் கூடும். அம்மா மனமுவந்து கொடுத்துவிட்டால் தடுக்க நான் யார்? ஆனால் பெயர் யாருடையது என்பதைப் பணம் கொடுத்த பிறகு பேச முடியாது. அதை முன்னாலேயே பேசியாக வேண்டும்.

அம்மா வைப்புத்தொகைப் புத்தகத்தை எடுத்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதிர்வுத் தேதியைப் பார்த்துவிட்டு, “இன்னும் எட்டு மாசம் இருக்குப்பா” என்று அண்ணனிடம் சொன்னார்.